மரண வீட்டுக்கு வரும் ஊர், இரண்டு வருடம் முந்தி வரட்டும்

கண்டி மாவட்டத்துக் கெலிஓயாவில் ஒரு மரணம் நடந்தால் ஊர் எப்படித் திரளும் என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தோ, பாதையோரம் வெள்ளைக் கொடி கட்டியோ செய்தி பரவிய கொஞ்ச நேரத்தில் ஒரு லொறி வந்து நிற்கும். பிளாஸ்டிக் கதிரைகள் இறங்கும், தறப்பாள் இறங்கும், இரும்புக் கம்பங்களும் தேத்தண்ணிப் பானையும் இறங்கும். குழி வெட்டுவது யார், இரவுச் சோறு எந்த வீட்டிலிருந்து வரும் என்று எவரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. சிங்கள ஊர்களில் மரணாதார சமித்தி, முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கம், தோட்டங்களில் மரணாதாரச் சங்கம் என்று பெயர்தான் மாறும். மாதச் சந்தா, அங்கத்தவர் பட்டியல், செயலாளர், பொருளாளர், கணக்குக் கொப்பி எல்லாம் ஒழுங்காக இருக்கும். அரசாங்கம் சொல்லி யாரும் இதைத் தொடங்கவில்லை. ஊர் தன் பாட்டில் நடத்திக்கொண்டு வருகிறது.

அந்த வீட்டில் இறந்தவர் அதற்கு முன்பு இரண்டு வருடமோ மூன்று வருடமோ படுக்கையில் கிடந்திருப்பார். அப்போதும் நாம் போனோம்தான். முன்னறையில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்தோம். "அல்லாஹ் லேசாக்குவான்" என்றோ, "கடவுள் பார்த்துக்கொள்ளுவார்" என்றோ சொல்லிவிட்டுத் திரும்பினோம். அந்த வீட்டு மகள் இரவில் எத்தனை தடவை எழும்புகிறாள், அவளுக்கு இடுப்பு வலி இருக்கிறதா, அவள் கடைசியாக எப்போது ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாள் என்று நாம் கேட்கவில்லை. உதவிக்கு ஆள் தேவைப்பட்ட நாட்களில் அந்த வீடு தனியாக இருந்தது. ஆள் தேவையில்லாமல் போன நாளில் ஊரே வந்து நின்றது.

இவ்வளவு திறமையான ஓர் அமைப்பை வைத்திருக்கும் ஊர், அதைக் கடைசி நாளுக்கு மட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை.

இலங்கை முழுக்க வயது ஏறிக்கொண்டிருக்கிறது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7.9 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் அது 12.6 சதவீதம். இதே காலத்தில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பங்கு 25.2இலிருந்து 20.7 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. ஏழெட்டுப் பிள்ளை பெற்ற தாயைப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பிள்ளை பெற்ற தாய்க்கு இன்று ஒருவர் கட்டாரில் இருக்கிறார், மற்றவர் வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பவருக்கு முறை மாற்ற ஆளில்லை.

கெலிஓயா இருக்கும் இடத்தைப் பார்த்தால் மருத்துவத்துக்குக் குறையில்லை என்றுதான் தோன்றும். பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ5 வீதியில், மகாவலி ஆறும் ரயில் பாதையும் கூடவே ஓடிவர, நடுவில் இருக்கிற சிறு பட்டணம் இது. பேராதனை போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போய்விடலாம். கண்டி தேசிய வைத்தியசாலையும் கம்பளை வைத்தியசாலையும் எட்டும் தூரம். கஷ்டம் தொடங்குவது பிரதான வீதிக்கு மேலே. கெலிஓயாவைச் சூழ்ந்த உடுநுவரவின் வீடுகள் பாதி மேட்டில், பாதி பள்ளத்தில். மழைக்குப் பாசி பிடித்த படிகள், கைபிடி இல்லாத ஒற்றையடிப் பாதை, முச்சக்கர வண்டி ஏற மறுக்கும் சரிவு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த 75 வயது மனிதரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவதை இந்தப் பக்கத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நாலு பேர் கிடைக்காத மாதம் கிளினிக் தவறிவிடும்.

கிளினிக் நாள் என்றால் விடியமுன் எழும்ப வேண்டும். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போய், இலக்கம் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து, டொக்டர் முன் சில நிமிடம், பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. இதில் டொக்டரையோ தாதியையோ குறை சொல்ல மனம் வராது. அவர்கள் பார்க்க வேண்டிய கூட்டம் அப்படி. கட்டணம் வாங்காமல் இவ்வளவு பேருக்கு மருந்து கொடுக்கும் நாடுகள் உலகத்தில் அதிகமில்லை. ஆனால் கிளினிக் கொப்பியில் ஒரேயொரு பெயர்தான் எழுதியிருக்கிறது. மாதத்தில் மீதி நாட்களில் அந்த நோயாளிக்கு இன்சுலின் ஏற்றுகிறவர், குளிப்பாட்டுகிறவர், துணி மாற்றுகிறவர் பெயர் எங்கேயும் இல்லை.

அவர் பெரும்பாலும் மகள். மகள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் மருமகள். கல்யாணம் ஆகாத மகள் ஒருத்தி வீட்டில் இருந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை, பொறுப்பு அவளிடம் போய்விடும்.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் கிறிஸ்தவ ஊழியராக இருந்த மேரி வெப்ஸ்டர் 1954இல், தன் 31ஆவது வயதில், தாய் தகப்பனைப் பார்ப்பதற்காக வேலையை விட்டார். 1963இல் தன்னைப் போன்றவர்களின் தனிமையைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். எங்களுக்கும் இதே கதைதான் என்று நாடெங்கிலுமிருந்து பெண்கள் பதில் எழுதினார்கள். 1965இல் அவர்களுக்காக ஒரு சங்கம் பிறந்தது. 1976இல் பராமரிப்போருக்கு அரச உதவிப்பணமும் வந்தது. கல்யாணமான பெண்களுக்கு அந்தப் பணம் இல்லை என்று முதலில் வைத்திருந்தார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் எண்ணம். அதை மாற்ற 1986 வரை போராட வேண்டியிருந்தது. நம் ஊர் மருமகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணமும் இதிலிருந்து தூரமில்லை.

வீட்டில் இருப்பவருக்குச் சொல்லித்தராதவை

பராமரிப்பு என்றால் பாசம் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பாசம் வேண்டும். ஆனால் அது ஒரு தொழில்நுட்பமும்கூட, கற்றுக்கொள்ள வேண்டியது. அதை யாரும் சொல்லித்தராததால் நடக்கிற கேடுகள் பல. தவிர்க்கக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் மருந்து. வயதானவர் பேராதனையில் ஒரு கிளினிக், கண்டியில் இன்னொன்று, இடையில் பிரைவேட்டில் சனல் பண்ணி ஒரு டொக்டர் என்று மூன்று இடத்தில் மருந்து எடுப்பார். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு நிறத்தில், இரண்டு உறையில் வீட்டுக்கு வரும். இரண்டையும் விழுங்குவார். இதைத் தவிர்க்க உதவும் ஒரு வழிக்காக அரை நூற்றாண்டுக்கு முன்பே போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மருந்தைக் கம்பெனிப் பெயரில் அல்லாமல் அதன் பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்பது அவர் நடத்திய போராட்டம். விலைக்காக என்று நாம் அதை நினைவு வைத்திருக்கிறோம்; பாதுகாப்புக்கும் அது உதவும். ஒரு மகள் சமையலறை வெளிச்சத்தில் உறைகளை வரிசையாக வைத்துப் பொதுப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு உறையிலும் சீனி வருத்தத்துக்கான மெட்போமின்தான் இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிடலாம். எல்லா உறைகளையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுபோவது அதைவிட நல்லது.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் வயதானவருக்குச் சீனி ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவது ஆபத்து. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும். சிலர் கோபத்தில் கத்துவார்கள், "வாப்பாவுக்கு இன்றைக்கு என்ன பிடிவாதம்" என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடுவார். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நோன்பு மாதத்தில் இது பெரிய சிக்கலாகிறது. சிறு வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாதவரிடம், இன்சுலின் ஏற்றுகிறீர்கள், இந்த வருடம் வேண்டாம் என்று சொன்னால் மனம் உடைந்துபோகிறார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மகள் எடுத்துச் சொன்னால் கேட்கமாட்டார். அதையே பள்ளிவாசல் மிம்பரில் நின்று மௌலவி சொன்னால் கேட்பார். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரைப் பார்த்து முடிவெடுங்கள் என்று ஒரு ஜும்ஆவில் அறிவித்தால் ஓர் ஊரில் எத்தனையோ பேருக்கு உதவும்.

அடுத்தது திடீர்க் குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அம்மா இன்றைக்கு மகளை அடையாளம் தெரியாமல் பார்க்கிறார், செத்துப்போனவர்களோடு பேசுகிறார். வயது போய்விட்டது, மறதி வந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஓதி ஊற்றுகிறவர்களும் உண்டு. மறதி நோய் மெல்ல, மாதக் கணக்கில் வரும். ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கும்: மூத்திரத் தொற்று, நெஞ்சுச் சளி, தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, இரத்தத்தில் உப்புக் குறைவு. அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அம்மா பழையபடி திரும்புவார். கண்டுபிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

பக்கவாதத்துக்கும் நேரம்தான் முக்கியம். வாய் கோணியது, ஒரு கை சோர்ந்தது, பேச்சுக் குழறியது என்றால் தைலம் தேய்த்துப் பார்க்க நேரமில்லை. கட்டியாய் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

இரவில் விழுகிறவர்களும் பலர். மூத்திரத்துக்கு எழும்பி, இருட்டில், ஈரத் தரையில், சாரம் காலில் சிக்கி விழுகிறார்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும்பினால் போதும். மூத்திரம் போக வைக்கும் மாத்திரையைக் காலையில் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஓர் இரும்புக் கைபிடி, போகும் வழியில் ஒரு சின்ன பல்ப் போதும். இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு படுக்கைதான் என்று பலருக்கும் ஆகிவிடுகிறது. அந்தக் கைபிடியின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படுத்தபடுக்கையானவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும், குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தினமும் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் அது புண்ணின் தொடக்கம். மல்லாந்து படுத்திருப்பவர் வாயில் கஞ்சி ஊற்றக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கவிட வேண்டும். இவ்வளவையும் செய்ய ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் போகும் என்று கணக்குப் பார்த்தால், ஒரு தனி ஆளால் முடியாது என்பது விளங்கும்.

முடியாததைச் செய்கிறவரின் உடம்புக்கு என்ன ஆகும்? அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டிருந்த வயதானவர்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சுமை தங்களை அழுத்துகிறது என்று சொன்னவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புச் சுமை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. 80 வயது வாப்பாவை 72 வயது உம்மா தூக்கி நிறுத்தும் வீடுகள் இங்கே எத்தனை! வாப்பாவுக்கு முந்தி உம்மா போய்ச் சேர்ந்தால் விதி என்கிறோம்.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்க முதியவருக்கு வழி செய்திருக்கிறது. அதற்கென ஒரு பராமரிப்புச் சபை இருக்கிறது. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தோருக்கு மாதக் கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. நல்லவைதான். ஆனால் இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவது கைவிட்ட பிள்ளை. கைவிடாமல் வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதில் ஓர் இடமும் இல்லை. ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினத்தோடு முதியோர் தினத்தையும் கொண்டாடுகிறோம், மேடையில் உட்கார வைத்துப் பரிசுப் பொதி கொடுக்கிறோம். மேடைவரை கைபிடித்துக் கூட்டிவந்தவர் பின் வரிசையில் பையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் பராமரிப்பாளர் வேலைக்குப் போக நம் இளைஞர்களும் யுவதிகளும் பயிற்சி எடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரை இடுப்பு நோகாமல் எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று முறையாகக் கற்கிறார்கள். போகட்டும், சம்பாதிக்கட்டும். அதே பாடத்தின் முதல் மூன்று நாளையாவது இங்கே தாயைத் தூக்கும் மகளுக்கு இலவசமாகச் சொல்லித்தர என்ன தடை?

மலப்புறம் செய்து காட்டியது

கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்தான் அதிகம் என்பது சீக்கிரமே விளங்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மலப்புறம் மாவட்டத்தில் அந்த வேலையை ஊரார் கையில் எடுத்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், ஓட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று சாதாரண ஆட்கள். குறுகிய பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் சில மணித்தியாலம் ஒதுக்கி, தாதி ஒருவரோடு வீடு வீடாகப் போனார்கள். செலவுக்குக் கடைகளில் உண்டியல் வைத்தார்கள், சிறு தொகைகளாகச் சேர்த்தார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாக ஏற்று, பஞ்சாயத்துகளிடம் பொறுப்புக் கொடுத்தது.

மலப்புறத்தைப் பார்த்தால் உடுநுவரக்காரருக்கு ஊர் நினைவு வரும். பள்ளிவாசலும் கோவிலும் கடைத்தெருவும் அடுத்தடுத்து, வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள், வீட்டில் வயதானவர்கள். அங்கே தொடக்கத்தில் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது, பணம் சேர்க்க வேண்டியிருந்தது, பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது. கெலிஓயாவில் இது மூன்றும் ஏற்கனவே இருக்கிறது, மரணாதாரச் சங்கத்தின் கொப்பியில்.

சங்கம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். கதிரையும் தறப்பாளும் வைத்திருக்கிற அதே அறையில் ஒரு சக்கர நாற்காலி, கொமட் கதிரை ஒன்று, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்று, காற்று மெத்தை ஒன்று. தேவைப்படும் வீட்டுக்குப் போய், தேவை முடிந்ததும் திரும்பி வரட்டும். ஒவ்வொரு ஊரிலும் ஓய்வுபெற்ற தாதியோ குடும்பநல மருத்துவிச்சியோ ஒருவர் இருப்பார். அவரிடம் மாதத்தில் ஒரு நாள் கேட்கலாம். கிளினிக் நாளுக்கு முச்சக்கர வண்டி முறை வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஒரு தடவை இரண்டு மணித்தியாலம் ஒருவர் போய் நோயாளியின் பக்கத்தில் இருந்தால், அந்த மகள் தூங்கலாம், கடைக்குப் போகலாம், தன் பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போகலாம்.

வெளியாளை உள்ளே விட வீடுகள் தயங்கும். உம்மா படுக்கையில் மூத்திரம் போவது அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம் நியாயமானது. அதனால் பெண்ணிடம் பெண்ணும் ஆணிடம் ஆணும் போக வேண்டும், பார்த்ததை வெளியே பேசாதவர்களைத்தான் தெரிவு செய்ய வேண்டும். இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவர்களை ஊர் அப்படித்தான் தெரிவு செய்து வைத்திருக்கிறது. அங்கே பார்த்த எதையும் அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஆண்களைக் குளிப்பாட்டுவது ஆண்கள்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். இறந்த தகப்பனைக் குளிப்பாட்டத் தெரிந்த மகனுக்கு, உயிரோடு இருக்கிற தகப்பனைக் குளிப்பாட்டுவது பெண்கள் வேலை என்று யார் சொன்னது?

நடக்க முடியாதவர்களின் பட்டியல் ஒன்றின் தேவையை 2025 நவம்பர் கடைசியில் பார்த்தோம். திட்வா சூறாவளியில் மகாவலி கரை மீறியது, மலைகள் சரிந்தன, நாட்டிலேயே அதிக உயிர்களைக் கண்டி மாவட்டம் இழந்தது. அப்படி ஓர் இரவில் ஓடக்கூடியவர்கள் ஓடிவிடுவார்கள். நடக்க முடியாதவர் எந்த வீட்டில், எந்த அறையில் இருக்கிறார், அவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், அவருக்கு இன்சுலின் உண்டா என்பது முன்பே ஒரு தாளில் இருக்க வேண்டும். மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு துண்டு, கிளினிக் கொப்பியின் போட்டோ ஒன்று பிள்ளையின் போனில், நாலைந்து நாள் மருந்து ஒரு பிளாஸ்டிக் பையில். இவ்வளவும் மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

இதை வாசிக்கிறவர்களில் பராமரிக்கும் கை ஒன்று இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அவர் செத்துப்போனால் நல்லது என்று ஒரு நொடி தோன்றி, அதற்காகவே இரவெல்லாம் அழுகிறீர்கள் என்றால், நீங்கள் கெட்டவர் இல்லை, களைத்துப்போயிருக்கிறீர்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம். உங்கள் உடம்பையும் பாருங்கள். அரச ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டிய எவரும் பிரஷர், சீனி, எடை மூன்றையும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு காலைக்கு உம்மாவின் பக்கத்தில் யார் இருப்பது என்று, சங்கத்துச் செயலாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.